இன்கா நாட்டில் ஆணும் பெண்ணும் சமமா? ஸ்பெயின்காரன் வந்துதான் கெடுத்தானா?

தேயிலைக்காரி_கோத்தகிரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் பேச வேண்டும், வரும் ஞாயிறு என் முறை. உருளைக்கிழங்கு நீலகிரிக்கு வந்த கதையைப் பேசலாம் என்று ஆரம்பித்தேன். சல்லிவன் துரை காலம், முத்தோரை ஆராய்ச்சி நிலையம், இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். சரி, கிழங்கு பிறந்த ஊருக்கே போய்ப் பார்ப்போம் என்று தென் அமெரிக்காவில் இன்கா பேரரசு இருந்த ஆண்டிஸ் மலைப் பக்கம் போனேன், அங்கே ஒரு படத்தில் மாட்டிக்கொண்டேன்.

குவாமன் போமா என்று ஒரு ஆண்டிஸ் மனிதர், 1615 வாக்கில் ஸ்பெயின் ராஜாவுக்கு ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு மனு எழுதியிருக்கிறார், நடுநடுவே 400 படம் போல வரைந்திருக்கிறார். ராஜா படித்தாரா தெரியாது, அந்தக் கட்டு எப்படியோ கோபன்ஹேகன் நூலகத்துக்குப் போய் 1908இல்தான் வெளி உலகத்துக்குத் தெரிய வந்ததாம். அதில் கிழங்கு நடும் மாதத்துக்கு ஒரு படம். ஆண் ஒரு நீளக் கழியைக் காலால் மிதித்து மண்ணைப் பிளக்கிறான், பெண் குனிந்து விதைக்கிழங்கைப் போடுகிறாள். எங்கள் பாட்டி கேத்திப் பள்ளத்தாக்கில் கூலிக்குப் போனபோது செய்த வேலை அப்படியே இதுதான். ஆண்கள் கொத்துவார்கள், பெண்கள் விதை போட்டு மண் தள்ளுவார்கள்.

வீட்டில் இதைக் காட்டியதும் சண்டை ஆரம்பித்துவிட்டது. கொழுந்தன் சொல்கிறான், "அண்ணி, இன்காவில் எல்லாம் சரிபாதி, சூரியன் ஆணுக்கு, சந்திரன் பெண்ணுக்கு, வெள்ளைக்காரன் வந்துதான் பொண்ணுங்களைக் கீழே தள்ளினான்" என்று. என் தோழி ஒருத்தி, "ராஜா இருக்கிற இடத்துல என்னடி சரிபாதி, எந்தக் காலத்துல பொம்பளைக்கு நல்லது நடந்துச்சு" என்கிறாள். இரண்டு பேரில் யார் சொல்வது சரி? ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முன்பு எப்படி, பின்பு எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பரீட்சைப் பதில் வேண்டாம், கதையாகச் சொன்னால் எனக்குப் பேச வசதி.

சின்கோனா_தாத்தா எழுதியது:

அம்மா, உங்கள் கொழுந்தனும் முக்கால் சரி, தோழியும் முக்கால் சரி. கூட்டினால் ஒன்றரை வருகிறது, அதுதான் சிக்கல்.

நான் நடுவட்டத்தில் கொய்னா தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவன். மார்க்கம் துரை பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1860இல் பெரு நாட்டிலிருந்து கொய்னா மருந்து எடுக்கும் சின்கோனா கன்றுகளைக் கிளப்பிக்கொண்டு நீலகிரிக்கு வந்தவர். அவர் கொண்டுவந்த கன்று பிழைக்கவில்லை, ஈக்வடார் பக்கத்திலிருந்து இன்னொருவர் அனுப்பிய சிவப்புப் பட்டைதான் இங்கே பிடித்தது, அது வேறு கதை. அந்த மார்க்கம்தான் இன்கா பற்றிய பழைய ஸ்பானிய நூல்களை வரிசையாக ஆங்கிலத்தில் பெயர்த்தவரும். நம் மலைக்கும் அந்த மலைக்கும் இப்படி ஒரு ஒட்டு உண்டு என்பதால் எனக்கு இதில் ஒரு பைத்தியம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே வம்சம் இரண்டு கயிறாக ஓடியது. மகன் தன்னை அப்பா, அப்பாவின் அப்பா என்று ஆண் வழியில் சொல்வான். மகள் அம்மா, அம்மாவின் அம்மா என்று பெண் வழியில் சொல்வாள். சொத்துரிமை, நிலத்தில் பங்கு, தண்ணீர் உரிமை, சாமி கும்பிடும் பொறுப்பு எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இறங்கியது. நம் ஊரில் மகள் கல்யாணமானால் புருஷன் வம்சத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறாள் இல்லையா, அங்கே அவள் கயிறு அறுந்துபோவதில்லை.

மேலே வானத்திலும் அதே கணக்கு. இன்கா மன்னன் சூரியனின் மகன், பட்டத்தரசி கோயா சந்திரனின் மகள். தலைநகர் குஸ்கோவின் பெரிய கோயிலில் சூரியனுக்குத் தங்கம் என்றால் சந்திரனுக்கு வெள்ளி, சந்திரனுக்குப் பூசை செய்தவர்கள் பெண்கள். கோயாவுக்குத் தனி நிலம், தனி ஆட்கள், செப்டம்பரில் அவள் பெயரிலேயே ஒரு திருவிழா. மண்ணுக்குத் தெய்வம் பாச்சமாமா, மக்காச்சோளத்துக்கு ஒரு அம்மா, நீங்கள் கேட்ட உருளைக்கிழங்குக்கும் ஒரு அம்மா உண்டு, அக்சோமாமா. மாமா என்றால் அவர்கள் மொழியில் அம்மா. குஸ்கோவுக்கு வந்து சேர்ந்த முதல் கூட்டத்தில் மாமா வாக்கோ என்று ஒருத்தி வருகிறாள், சண்டைக்காரி. முதல் சோளம் விதைத்தவளும் அவள்தான் என்று ஒரு கதை.

வேலையிலும் ஜோடிதான். நீங்கள் பார்த்த கழிக்குப் பெயர் சாகி தாக்லா, கால் கலப்பை. ஆண் பின்னோக்கி நகர்ந்துகொண்டே மண்ணைப் பெயர்ப்பான், பெண் எதிரே இருந்து கட்டியைப் புரட்டுவாள், விதை போடுவாள். விதை பெண் கையால்தான் மண்ணுக்குள் போக வேண்டும், மண் பெண், விதை போடுவதும் பெண். இதில் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்கு வேலையே ஓடாது. இன்காக்களின் கெச்சுவா மொழியில் காரி வார்மி என்பார்கள், ஆண்-பெண் என்று ஒரே மூச்சில், புருஷன் பெண்டாட்டி என்பதற்கு அதுதான் சொல்.

இதெல்லாம் கிராம அளவில். அரண்மனை அளவில் வேறு மாதிரி. அதை வேறு யாராவது எழுதட்டும், எனக்குக் கண் வலிக்கிறது.

பூம்பாறை_பூண்டு எழுதியது:

தாத்தா விட்ட இடத்தில் நான் பிடிக்கிறேன், ஏனென்றால் அவர் நல்ல பகுதியை மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார் :)

அக்கா, உங்கள் பேச்சில் "அக்லா" பற்றிச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவள் என்று பொருள். இன்கா அதிகாரி ஊர் ஊராக வருவான், பத்து வயது போல உள்ள அழகான பெண்பிள்ளைகளைப் பொறுக்குவான், அவர்களை அக்லாவாசி என்ற மதிலுக்குள் கொண்டுபோய் விடுவார்கள். அப்பனும் அம்மாவும் மறுப்பதற்கில்லை. உள்ளே நூல் நூற்கவும் நெய்யவும் சிச்சா காய்ச்சவும் கற்றுக்கொடுப்பார்கள். சிச்சா என்றால் சோளத்தை முளைக்கவிட்டுக் காய்ச்சுகிற ஒரு மாதிரி கள். பிறகு மன்னன் பார்த்து, இவள் கோயிலுக்கு, இவள் எனக்கு, இவள் அந்தப் போரில் ஜெயித்த தளபதிக்கு என்று பங்கு போடுவான். அந்த நாட்டில் துணி தங்கத்தைவிட மதிப்பு, படைவீரனுக்குப் பரிசு துணி, தோற்ற ராஜாவைச் சமாதானப்படுத்தத் துணி, சாமிக்கு எரிப்பதற்குத் துணி. அதில் பெரும் பங்கு இந்தப் பெண்கள் கையில் உருவானது. அதாவது பேரரசின் கஜானா ஓடியதே இந்த மதிலுக்குள்.

அப்புறம் பலி. தாந்தா கார்வா என்ற பத்து வயதுப் பெண், ஒக்ரோஸ் ஊர். அவளை அப்பனே குஸ்கோவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான், மன்னன் மரியாதை செய்து திருப்பி அனுப்பினான், சொந்த ஊர் மலையில் உயிரோடு குழிக்குள் வைத்து மூடினார்கள். அப்பனுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? ஊர்த் தலைவர் பதவி. அந்தப் பெண் தெய்வமானாள், ஊர் அவளைக் கும்பிட்டது. 1621இல் ஒரு பாதிரி அந்த ஊரில் விசாரித்து எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது.

1999இல் அர்ஜென்டினா எல்லையில் யுயாயாக்கோ மலை உச்சியில், 6,700 மீட்டருக்கு மேல், மூன்று குழந்தைகளின் உடலை எடுத்தார்கள், பனியில் கெடாமல் தூங்குகிற மாதிரி. மூத்தவள் 13, 14 வயது இருக்கலாம். அவள் தலைமுடியைச் சோதித்ததில், சாவதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்து திடீரென்று சாப்பாடு உயர்ந்திருக்கிறது, சோளம், கறி என்று, கடைசி வாரங்களில் கோகா இலையும் மதுவும் ஏகத்துக்கு. அதாவது பொறுக்கி எடுத்த நாளிலிருந்தே தயார் செய்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் கல்யாணத்துக்கு முன்பே செத்த பெண்ணைக் கன்னியம்மனாக்கி வருஷத்துக்கு ஒரு சேலை சாத்துகிறோம். தெய்வம் ஆக்கினால் சமம் ஆகிவிடுமா? சந்திரனுக்கு வெள்ளிக் கோயில் கட்டியதை வைத்துப் பெண்களுக்கு மரியாதை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பொரங்காடு_அக்கா எழுதியது:

பூண்டு தம்பி, கோபம் நியாயம்தான், ஆனால் இரண்டு விஷயத்தைக் கலக்கிவிட்டாய்.

நான் படுகர் வீட்டுப் பெண். எங்கள் குலத்துக்கே மூத்தவள் ஹெத்தை, பாட்டி என்றுதான் அர்த்தம், அவள் பண்டிகைக்கு ஊரே வெள்ளை உடுத்திப் போகும். அதே சமயம் எங்கள் பழைய வீடுகளில் பால் வைக்கிற உள்ளறைக்குள் பெண்கள் போகக் கூடாது, எருமை கறப்பது ஆண் வேலை. தோதவர்களிடம் இது இன்னும் கடுமை, பால் கோயில் பக்கமே பெண்கள் போக மாட்டார்கள், ஆனால் பூத்துகுளி சால்வையில் பூ வேலை முழுக்கப் பெண்கள் கை. அப்போது எங்கள் சமுதாயத்தில் பெண் மேலா கீழா என்று வெளியாள் கேட்டால் நான் என்ன சொல்வது? எந்த அறைக்குள், எந்த வேலையில் என்று திருப்பிக் கேட்பேன். இன்கா கேள்விக்கும் அதேதான்.

தாத்தா சொன்ன இரட்டைக் கயிறு இன்காக்கள் கண்டுபிடித்தது கிடையாது, அவர்கள் வருவதற்கு ரொம்ப முன்பே மலை ஊர்களில் இருந்த பழக்கம். அப்படிச் சேர்ந்து வாழும் ஊர்ச் சொந்தபந்தக் கூட்டத்துக்கு அய்யு என்று பெயர். வடக்குக் கடற்கரைப் பக்கம் பெண்களே ஊர்த் தலைவிகள், கபுல்லானா என்பார்கள், ஸ்பெயின்காரர்களே கப்பலிலிருந்து இறங்கி அவர்களைச் சந்தித்து விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அதற்கும் ஆயிரம் வருஷம் முந்தைய, மோச்சே என்ற பழைய கடற்கரை நாகரிகக் காலத்துக் கல்லறை ஒன்று 2006இல் தோண்டினார்கள், உள்ளே ஒரு பெண், மேலெல்லாம் பச்சை குத்தி, பக்கத்தில் போர்க் கதாயுதங்களும் ஈட்டி எறியும் கருவிகளும். காவ் சீமாட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்கா அரசு என்ன செய்தது? இந்தப் பழைய இரட்டைக் கயிற்றையே எடுத்து அதன் மேல் தன் ஏணியைச் சாத்தியது. நீ சந்திரனைக் கும்பிடுகிறாயா, சரி, சந்திரனின் மகள் எங்கள் ராணி, அதனால் நீ அவளுக்குக் கட்டுப்பட்டவள். இப்படிப் பெண் வழியாகவும் ஆண் வழியாகவும் ஆளுகை. போர் ஆண்களுடையது, போரில் ஜெயித்தால்தான் பதவி, அதனால் அரசு வளர வளர ஆண் கயிறு தடித்துக்கொண்டே போனது. அக்லாவுக்குப் பெண்களைத் தூக்கியது அந்தத் தடித்த கயிற்றின் வேலை. ஊருக்குள் இருந்த ஜோடிக் கணக்கு அதனால் முழுக்கச் செத்துவிடவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இன்கா பேரரசு என்று பெரிதாகச் சொல்கிறோம், மன்னன் பச்சாகூதி ஆள வந்ததிலிருந்து ஸ்பெயின் தளபதி பிசாரோ வரும் வரை நூறு வருஷம்தான் ஆகிறது. அந்த நூறு வருஷத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சிரிப்பு வர வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள் கோத்தகிரித் தங்கை. அங்கே கல்யாணத்துக்கு முன்பு ஆணும் பெண்ணும் கொஞ்ச காலம் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பார்கள், சர்வினாகுய் என்று பிற்காலப் பெயர். அவள் வேலை எப்படி, இவன் குணம் எப்படி, மாமியாரோடு ஒத்துப்போகிறதா, எல்லாம் பார்த்துவிட்டு, சரிவரவில்லை என்றால் பிரிந்துவிடலாம், பெண்ணுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஸ்பானியப் பாதிரிகள் இதைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். தடுத்தார்கள், தண்டனை போட்டார்கள், இன்றைக்கும் மலை ஊர்களில் அந்தப் பழக்கம் இருக்கிறது.

பூம்பாறை_பூண்டு எழுதியது:

அக்கா, ஏற்கிறேன். ஆனால் மாமியாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அங்கேயும் உண்டு என்பது ரொம்ப வருத்தமான செய்தி.

பழைய_கணக்கு எழுதியது:

யாரும் பின்பாதிக்கு வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பட்டா, அடங்கல், அ-பதிவேடு இதுதான் என் உலகம். அதனால் எனக்கு இந்த விஷயம் முழுக்கப் பதிவேட்டு விஷயமாகத்தான் தெரிகிறது, குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்கா காலத்தில் கணக்கு கயிற்று முடிச்சில், கிப்பு என்பார்கள். அதில் வரி கொடுக்கிறவன் என்று ஒருவன் எப்போது ஏறுவான்? கல்யாணம் ஆன பிறகுதான். தனி ஆளாக இருந்தால் அவன் முழு ஆள் இல்லை. ஏன் என்றால் அரசுக்கு வேண்டியது வயலில் வேலை, நெய்த துணி இரண்டும். ஒருவர் உழ ஒருவர் நெய்ய, ஜோடி சேர்ந்தால்தான் வரி வரும். அதனால் கணக்கின் அலகே குடும்பம். பெயர் ஆண் பெயர்தான், ஆனால் பெண் இல்லாமல் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை.

1532 நவம்பர் 16, கஹமார்காவில் இன்கா மன்னன் அதாவால்பாவை ஸ்பெயின்காரர்கள் பிடித்தார்கள், அடுத்த வருஷம் கொன்றார்கள். முதல் 30, 40 வருஷம் கொள்ளை, அம்மை நோய், உள்நாட்டுச் சண்டை என்று ஒரே களேபரம். அதில் அரச வீட்டுப் பெண்கள் பட்ட பாடு தனி. அதாவால்பாவின் தங்கை முறை ஒருத்தியைப் பிசாரோவுக்குக் கொடுத்தார்கள், ஞானஸ்நானப் பெயர் இனேஸ். அவளுக்குப் பிறந்த மகள் பிரான்சிஸ்கா 1534இல் பிறந்தவள், பெரியவளானதும் ஸ்பெயினுக்கு அனுப்பி, சொந்தச் சித்தப்பா எர்னாண்டோ பிசாரோவுக்கே கட்டிவைத்தார்கள், அப்போது அவர் சிறையில் வேறு இருந்தார். சொத்து வெளியே போகக் கூடாது அல்லவா. இதே இனேஸின் தாய் கோந்தார்வாச்சோ, வாய்லாஸ் பகுதியை ஆண்டவள். 1536இல் லிமாவை இன்கா படை சுற்றி வளைத்தபோது மகளையும் பேத்தியையும் காப்பாற்ற ஸ்பெயின் பக்கத்துக்குப் படை அனுப்பினாள். நல்லவள் கெட்டவள் என்று எதில் சேர்ப்பது? எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஒரு பெண் தன் சொந்த அதிகாரத்தில் படை அனுப்ப முடிந்தது என்பதைப் பாருங்கள்.

உண்மையான மாற்றம் பிறகுதான் வருகிறது. 1569இல் தொலேதோ என்ற வைஸ்ராய் வருகிறார். நாடு முழுக்க அளவை, கணக்கெடுப்பு. மலையில் சிதறிக் கிடந்த ஊர்களைக் கலைத்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைச் சதுரம் சதுரமாக வெட்டிய புது ஊர்களில், நடுவில் ஒரு கோயில் வைத்துக் குடியேற்றினார். பதிவேட்டில் வரி கொடுக்கிறவன் யார்? 18 வயது முதல் 50 வயது வரை உள்ள ஆண். அவ்வளவுதான். ஜோடி போய்விட்டது, தனி ஆண் வந்துவிட்டான்.

அதோடு ஸ்பானியச் சட்டம். கல்யாணமான பெண் ஒரு பத்திரம் எழுத வேண்டுமானால், கோர்ட்டில் வழக்குப் போட வேண்டுமானால், புருஷன் அனுமதி வேண்டும். அம்மா வழியில் வந்த நிலத்துக்கு உரிமை கேட்டுப் போனவளிடம் உன் ஆளை வரச் சொல் என்றார்கள். பெண் தலைவியாக இருந்த இடத்தில்கூட, ஏட்டில் அவள் பெயர் இருக்கும், நாற்காலியில் புருஷன் உட்கார்ந்திருப்பான். நம் ஊராட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு தலைப்பட்சமாகப் பேசக் கூடாது, அதே சட்டத்தில் அப்பன் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பாகம் உண்டு. சீதனம் அவளுடைய சொத்து. விதவை தன் கையெழுத்திலேயே எல்லாம் செய்யலாம். 16ஆம் நூற்றாண்டில் இது. பூர்வீகச் சொத்தில் நம் தமிழ்நாட்டில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989இல், அதுவும் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அப்போது கொடுக்கவில்லை. எத்தனை தங்கைகள் என் மேசை முன்னால் நின்று அழுதிருக்கிறார்கள்.

வேடிக்கை எங்கே என்றால், பெண் பதிவேட்டில் இல்லை, சரி, அப்போது வேலையும் இல்லையா? அங்கேதான் கொடுமை. வரியில் துணியும் உண்டு, துணி நெய்வது அவள். புருஷன் போத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு மித்தா என்ற கட்டாய வேலை முறையில் போனால், ஏழில் ஒரு பங்கு ஆண்கள் முறை வைத்துப் போக வேண்டும், வருஷத்துக்கு 13,000 பேருக்கு மேல், கூடவே பெண்டாட்டி பிள்ளையும் சோற்று மூட்டையோடு மாதக்கணக்கில் நடக்க வேண்டும். பல ஆண்கள் பதிவேட்டுக்குப் பயந்து ஊரை விட்டே ஓடினார்கள், ஓடியவன் வரியும் ஊரில் மிஞ்சிய பெண்கள் தலையில். ஊர்ப் பாதிரியே பெண்களை அடைத்துவைத்து நூற்கவும் நெய்யவும் வைத்ததை, நீங்கள் சொன்ன அதே குவாமன் போமா படம் போட்டு ராஜாவிடம் புகார் சொல்கிறார்.

சின்கோனா_தாத்தா எழுதியது:

கணக்கு ஐயா அருமை. ஒன்று சேர்க்கிறேன். அதே விடுபட்ட பதிவேடு சில பெண்களுக்கு வாசலாகவும் ஆனது. போத்தோசி 4,000 மீட்டர் உயரத்தில், நம் தொட்டபெட்டாவைப் போல ஒன்றரை மடங்கு, ஒன்றும் விளையாத இடம். சுரங்கத்துக்காக லட்சம் பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள், சோறு யார் போடுவது? ஊரிலிருந்து வந்த பெண்கள் சந்தையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிச்சா, கோகா இலை, சோளம், உறைய வைத்து உலர்த்திய உருளைக்கிழங்கு. பெண்ணுக்குத் தலைவரி இல்லை, நாட்டுச் சரக்குக்கு விற்பனை வரியும் இல்லை, அதனால் ஸ்பானிய வணிகனைவிட இவர்களுக்குக் கை ஓடியது. சிலர் வீடு வாங்கினார்கள், வட்டிக்குக் கொடுத்தார்கள், சாகும்போது நோட்டரியிடம் உயில் எழுதினார்கள், அதில் பாவாடை எத்தனை, வெள்ளிக் கிண்ணம் எத்தனை, யார் எவ்வளவு பாக்கி என்று வரிவரியாக. அந்த உயில்கள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன.

சாமி பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். சந்திரனுக்கும் சோளத்தாய்க்கும் பூசை செய்த பெண்கள் ஒரே நாளில் சூனியக்காரி ஆனார்கள். ஐரோப்பாவில் சூனியக்காரி என்று பெண்களை எரித்துக்கொண்டிருந்த காலம், அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் பாதிரிகள் ஆண்டிஸுக்கு வந்தார்கள். 1609க்குப் பிறகு விக்கிரகத்தை ஒழிக்கிறோம் என்று ஊர் ஊராக விசாரணை, சவுக்கடி, தலைமுடி மழித்தல். பல பெண்கள் ஊரை விட்டு மேலே புல்வெளிக் காட்டுக்கு, புனா என்பார்கள், போய்விட்டார்கள். பாதிரி ஏறி வர முடியாத குளிர். அங்கே பழைய சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, பூசையைப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் பக்கத்துக் கோரகுந்தா, மேல்பவானிப் புல்வெளியை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிட இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில்.

பூம்பாறை_பூண்டு எழுதியது:

மிக்கேலா பஸ்திதாஸ் பெயரை யாரும் சொல்லவில்லையே. 1780இல் துபாக் அமாரு என்ற பெயரை எடுத்துக்கொண்டு ஒருவர் பெரிய கலகம் செய்தார், அவர் மனைவி. வெறும் மனைவி இல்லை, படைக்குச் சோறு, காசு, ஆயுதம், உளவு, வழி விடும் சீட்டு எல்லாம் அவள் கையெழுத்தில். குஸ்கோவை உடனே அடி, தாமதிக்காதே என்று புருஷனுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதித் திட்டியிருக்கிறாள். அவர் தாமதித்தார், தோற்றார். 1781 மே 18, குஸ்கோ மைதானத்தில் இருவரையும் கொன்றார்கள், அதே நாளில் தோமாசா தீத்தோ கோந்தேமைத்தா என்ற ஊர்த் தலைவியையும். அடுத்த வருஷம் லா பாஸில் இன்னொரு கலகத் தலைவி பார்த்தோலினா சீசா, அவளைக் கொன்ற செப்டம்பர் 5தான் இன்று பூர்வகுடிப் பெண்கள் நாள். படை நடத்தும்போது புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகத்தான் நின்றிருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் பதிவேடு எழுதியும் அந்தப் பழக்கம் போகவில்லை போல.

தேயிலைக்காரி_கோத்தகிரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, எனக்கு ஞாயிறுக்குப் பதில் பத்து ஞாயிறு வேண்டும் போலிருக்கிறது.

கணக்கு ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் அம்மா நாற்பது வருஷமாக எங்கள் ஒண்ணேகால் ஏக்கர் தேயிலையில் இலை பறிக்கிறாள், கவாத்து மட்டும்தான் அப்பா. பட்டா அப்பா பெயரில், இலை போடுகிற பாஸ்புக்கும் அப்பா பெயரில். போன வருஷம் அப்பா கால் உடைந்து படுத்திருந்தபோது மானியத்துக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனாள், விவசாயியை அழைத்துக்கொண்டு வாங்கம்மா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பறித்துப் பறித்து விரலெல்லாம் கறுத்த கையை நீட்டிக்கொண்டு நின்றவளிடம். சண்டை போட வேண்டுமென்று எனக்குத் தோன்றியது, அம்மா பேசாமல் வந்துவிட்டாள்.

கொழுந்தனிடம் எல்லாம் படித்துக் காட்டினேன், பாதி ஒத்துக்கொண்டான், அவனுக்கு அதுவே பெரிது.

படத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துப் பாட்டியிடமும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நான் ஏதோ பெரிதாகச் சொல்வாள் என்று காத்திருக்க, "கொத்துறவனுக்கு என்ன கூலி, வெதை போடுறவளுக்கு என்ன கூலி?" என்று கேட்டாள். அவள் காலத்தில் கொத்துகிற ஆணுக்குக் கூடுதல், பெண்ணுக்குக் குறைவு, அதை இன்னும் மறக்கவில்லை. இதற்கு என்ன பதில் சொல்வது?

பொரங்காடு_அக்கா எழுதியது:

கூலியே கிடையாது, பாட்டியிடம் சொல்லுங்கள், காசே இல்லாத நாடு அது. உன் வயலுக்கு நான், என் வயலுக்கு நீ, அய்னி என்று பெயர், கைமாற்று வேலை. அரசன் நிலத்தில் வேலை என்றால் அரசன் சோறும் சிச்சாவும் போட வேண்டும், பாட்டும் உண்டு. வெள்ளிக் காசு எல்லாம் போத்தோசிக்குப் பிறகு.

தேயிலைக்காரி_கோத்தகிரி எழுதியது:

சொன்னேன் அக்கா. "சிச்சா காய்ச்சுறது யாரு?" என்று கேட்டாள். பெண்கள்தான் என்றேன். "அப்ப வெதையும் போட்டுட்டு, வீட்டுக்கு வந்து அதையும் காய்ச்சணுமா" என்று பிரிண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு. மழை பிடித்துக்கொண்டால் அடுத்த வாரம்.